ஞாயிற்றுக்கிழமை கேட்காத துப்பாக்கி

மூன்று வருஷமும் மூன்று மாசமும் வெர்லின் ஸ்டிதம் என் கடைக்கு வந்தார். சனிக்கிழமை தவறாமல், காலை பத்து மணிக்கு. அத்தனை சனிக்கிழமையிலும் அவர் ஒரு துப்பாக்கிகூட வாங்கவில்லை. நான் பொறுமைசாலி இல்லை என்று கிழக்குக் கென்டக்கியில் எங்கள் மலைப்பக்கம் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட என்னிடம்தான் அவர் வந்து மாட்டினார். நான் அவரிடம் மாட்டினேன் என்றும் சொல்லலாம்.

கடை என் புருஷன் வைத்தது. துப்பாக்கி, தூண்டில், தூண்டிலில் கோக்க உயிர்க் குஞ்சுமீன், மான் வேட்டை லைசென்ஸ், எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. பின்னால் மலைச்சரிவைப் பார்த்தபடி ஒரு கொட்டகை. வாங்குவதற்கு முன் அங்கே சுட்டுப் பார்க்கலாம். புருஷன் போனபிறகு பத்தொன்பது வருஷமாக நான்தான் கல்லாவுக்குப் பின்னால் நிற்கிறேன்.

வெர்லினுக்கு அப்போது எழுபத்தொன்று. நிலக்கரிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் பெல்ட் மெக்கானிக். கரியை வெளியே கொண்டுவரும் பெல்ட் நிற்காமல் ஓட வேண்டும், அதுதான் அவர் வேலை. சுரங்கம் அவருக்குக் கொடுத்தது ஒரு பென்ஷனும் கரி படிந்த நுரையீரலும். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய், பின்னால் சக்கரம் வைத்த சிலிண்டர். சிலிண்டரை வாசலில் விட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் சுடப் போகவேண்டும் என்று அவருக்காகவே நான் ஒரு சட்டம் போட்டேன். ஆறு தோட்டா சுடுவார், வெளியே வந்து பத்து நிமிஷம் மூச்சு வாங்குவார், மறுபடி ஆறு.

அவரிடம் இன்னொரு பழக்கம் இருந்தது. சுரங்கத்தில் எந்தப் பாகத்தை மாற்றினாலும் மாற்றியவன் மஞ்சள் பெயின்ட் பேனாவால் அதன் மேல் தேதி எழுதுவான். அடுத்த ஷிஃப்டுக்காரன் தன் உயிர் தொங்குகிற சாமானுக்கு என்ன வயசு என்று பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா. வெர்லின் வேலையை விட்டார், பேனாவை விடவில்லை. லாரி பேட்டரியில் தேதி, பிரிட்ஜில் தேதி, பூட்ஸின் நாக்கில் தேதி. என் கடைக் காபி மெஷினை ஒருநாள் நான் கேட்காமலே பிரித்துச் சரிசெய்தார். அதன் அடியில் இன்றைக்கும் மஞ்சளில் ஒரு தேதி இருக்கிறது. ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு இழுப்பார்.

இவ்வளவுக்கும் காரணம் அவர் மகள் ட்வைலா. மெயின் தெருவில் காசு போட்டுத் துவைக்கும் லாண்டரி அவளுடையது. ஓர் அக்டோபர் மாதம், பட்டப்பகல் பதினோரு மணிக்கு, அவள் மெஷின்களிலிருந்து சில்லறையை எடுத்துக்கொண்டிருந்தபோது ஒருவன் உள்ளே வந்து அவளை டிரையரோடு சேர்த்து மோதித் தள்ளி, பையைப் பிடுங்கிக்கொண்டு போனான். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. அவனைப் போலீஸ் பிடித்துவிட்டது, ஆனால் கதவு திறக்கும் சத்தம் கேட்டாலே அவளுக்குத் தூக்கிப்போட்டது. வேலை செய்யும்போது போடும் கையில்லாச் சட்டையின் பையில் அடங்குகிற மாதிரி ஒரு சின்னத் துப்பாக்கி வேண்டும் என்றாள். "நான் வாங்கித் தரேன். நீ அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதே" என்றார் அப்பா.

பிறகு ஆரம்பித்தது என் தலைவேதனை.

பைத்துப்பாக்கி வரிசையில் என்னிடம் மூன்று இருந்தன. மூன்றுக்கும் அவர் பெயர் வைத்தார். கறுப்புப் பிளாஸ்டிக் பிடி வைத்தது கரிக்குட்டி. பளபளவென்று முழுக்க உலோகத்தில் இருந்தது மாப்பிள்ளை. குழல் குட்டையான ரிவால்வர் மூக்கறை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் மூன்றுக்கும் கட்டம் போட்டு எழுதினார்.

"ஏம்மா ரீத்தா, இந்த மாப்பிள்ளையோட ஸ்பிரிங் எத்தனை குண்டு தாங்கும்?"

"கம்பெனிக்காரன் சொல்றதைச் சொல்லட்டுமா, நிஜத்தைச் சொல்லட்டுமா?"

"ரெண்டையும் சொல்லு. ரெண்டுக்கும் தனிக் கட்டம் இருக்கு."

"பெரிய துப்பாக்கின்னா ஆயிரக்கணக்குல தாங்கும். இது உள்ளங்கை அளவு. குட்டி ஸ்பிரிங்தான், வேலை மட்டும் பெரிய துப்பாக்கியோட வேலை. சீக்கிரம் தளர்ந்துடும். சின்னது எல்லாமே இப்படித்தான், வெர்லின்."

"எல்லாமேன்னு சொன்னா எப்படி? எது கொஞ்சம் கம்மியாத் தளரும்?"

இப்படியே ஒரு மணி நேரம். வரிசையில் நிற்கிறவர்களுக்கு அது இலவச வேடிக்கை. மான் லைசென்ஸ் வாங்க வந்த ஒருவன், "பெரியவரே, நீங்க முடிவு பண்றதுக்குள்ள திருடனுங்க எல்லாம் ரிட்டயர் ஆயிடுவானுங்க" என்றான். "அவனுங்களுக்கு பென்ஷன் கிடையாதுடா. ஆகமாட்டானுங்க" என்றார் வெர்லின், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு சனிக்கிழமை பிரெட் பை நிறைய எதையோ அடைத்துக்கொண்டு வந்தார். பிரித்தால் துணிப்பஞ்சு. ட்வைலாவின் டிரையர் வடிகட்டியிலிருந்து வழித்தெடுத்தது.

"இதை என்ன பண்றது?"

"மூணுக்குள்ளயும் அடைச்சுட்டுச் சுடணும்."

"என் சாமானுக்குள்ளயா? உங்களுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"இந்த ஊர்லயே பஞ்சு அதிகமா இருக்கற பாக்கெட் யாரோடது சொல்லு. சுட்டா எத்தனை தாங்கும்னு எல்லாரும் பார்க்கறாங்க. பையில கிடந்தா எத்தனை தாங்கும்னு எவனாவது பார்க்கறானா? எம் பொண்ணு அதைச் சுடப்போறது எப்பவோ. பையில வெச்சிருக்கப் போறது தினமும்."

எரிச்சல் என்னவென்றால் அவர் சொன்னது சரி. சுடச்சுடத் தேய்கிற துப்பாக்கியைவிட, சுடாமல் பையில் கிடந்து வியர்வையும் தூசியும் தின்று கெடுகிற துப்பாக்கிதான் அதிகம். பழுதென்று என்னிடம் வருகிற பைத்துப்பாக்கிகளில் பாதி அந்த ரகம்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு விட்டேன். பஞ்சு அடைத்த மாப்பிள்ளை மூன்றாவது தோட்டாவில் மக்கர் பண்ணியது. கரிக்குட்டி ஒன்பது வரை தாக்குப்பிடித்தது. மூக்கறைக்குப் பஞ்சு ஒரு பொருட்டே இல்லை, ஆனால் விரலால் இழுக்கிற அதன் விசை கல் மாதிரி. இவற்றையெல்லாம் துடைத்து எண்ணெய் போட்டது யார்? நான்தான்.

எட்டு மாசம் இப்படிப் போனது. ஜூன் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை ட்வைலா தனியாக வந்தாள். கல்யாணமானவளையும் மரியாதைக்கு 'மிஸ்' என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம்.

"மிஸ் ரீத்தா, இனிமே என்னால காத்திருக்க முடியாது. நேத்து வெளியூர்க்காரன் ஒருத்தன் சில்லறை மாத்தத்தான் வந்தான். நான் துடைப்பத்தை ஓங்கிட்டேன். பாவம், பயந்து ஓடிட்டான்."

மூக்கறையைக் கையில் கொடுத்தேன். பிசகின மணிக்கட்டுக்கு விசை அசையவில்லை. மாப்பிள்ளை சுட்டால் கையைப் பிய்த்தது. கரிக்குட்டி ஒத்துக்கொண்டது. படிவம் நிரப்பி, அரசாங்கச் சரிபார்ப்புக்குப் போன் போட்டு, எல்லாம் சேர்த்து இருபது நிமிஷம். இருபதே நிமிஷம்! எனக்கு அழுகை வராத குறை.

"மாசத்துக்கு ஒரு தடவையாவது பிரிச்சுத் துடைக்கணும். வருஷத்துக்கு ஒரு ஸ்பிரிங்" என்றேன்.

"சரி சரி. டாடிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

"ஏன்? அவர் நிறுத்திடுவாரே!"

"அதான் சொல்லாதீங்கன்றேன். தன் கையால வாங்கித் தரணும்னு ஆசையா இருக்கார். அம்மா போனதுல இருந்து சனிக்கிழமை மட்டும்தான் ஷேவ் பண்றார். எனக்காகப் பொறுத்துக்கோங்க, மிஸ் ரீத்தா."

நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

அதற்குப் பிறகு இரண்டரை வருஷம், விற்றுப்போன துப்பாக்கிக்காக ஒரு மனுஷன் என் கல்லாவில் நின்று கட்டம் கட்டமாக எழுதினார். புது ரகம் எது வந்தாலும் அதற்கும் ஒரு பெயர், ஒரு கட்டம். ட்வைலா மாசம் ஒருமுறை, செவ்வாய்க்கிழமைகளில் வந்து கொட்டகையில் ஒரு பெட்டி தோட்டா சுட்டுப் பழகிவிட்டுப் போவாள். சனிக்கிழமை அப்பா வந்து, "ஏம்மா ரீத்தா, இந்தப் பின்னு உடையுமா, வளையுமா?" என்பார். சில நாள் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்தியிருக்கிறேன்.

அவள் வாங்கியபிறகு வந்த மூன்றாவது ஜனவரியில் ட்வைலா வந்து கரிக்குட்டியைக் கல்லாவில் வைத்தாள்.

"ஜனவரி வந்தா இதுக்கு என்ன ஆகுதுன்னு தெரியலை. மேல இருக்கற ஸ்லைடைப் பின்னாடி இழுக்கவே வரமாட்டேங்குது. மார்ச்ல சரியாயிடும். வருஷா வருஷம் இப்படித்தான்."

"பிரிச்சுத் துடைச்சியா?"

"தேவையே படலை, மிஸ் ரீத்தா. உள்ள எட்டிப் பார்த்தா எப்பவும் சுத்தமாத்தான் இருக்கு. தரமான சாமான்."

லாண்டரிக்காரி பையில் இரண்டரை வருஷம் கிடந்த துப்பாக்கி சுத்தமாக இருந்தது என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தோட்டாவை எடுத்துவிட்டு, வேலை மேஜைக்குக் கொண்டுபோய் அவளுக்கு முதுகு காட்டி நின்று பிரித்தேன். உள்ளே ஒரு இழை பஞ்சு இல்லை. ஸ்பிரிங் புத்தம்புதுசு, அதனால்தான் விறைப்பு. ஸ்பிரிங்கைத் தாங்கும் கம்பியின் தலையில், பட்டாணி அளவு இடத்தில், மஞ்சள் பெயின்ட்டில் தேதி. ஜனவரி ஏழு. ஏழுக்கு நடுவில் கோடு.

"என்னாச்சு, உடைஞ்சிருக்கா?" என்றாள் ட்வைலா.

"ஒண்ணுமில்ல. குளிர்ல அப்படித்தான் இருக்கும்" என்று மூடிக் கொடுத்தேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு பொய் எப்படி வந்தது என்று தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு வெர்லின் வந்து நோட்டைப் பிரித்ததும் நான் கடை வாசலில் 'மூடியிருக்கிறது' பலகையைத் திருப்பினேன்.

"எத்தனை நாளா உங்களுக்குத் தெரியும்?"

அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை. சிலிண்டர் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"முதல் ஞாயித்துக்கிழமையே. ஞாயிறானா எனக்குச் சமைச்சுத் தர வர்றா இல்ல, வந்ததும் வேலைச் சட்டையைச் சமையலறைக் கொக்கியில மாட்டினா. ஒரு பக்கம் தொங்குச்சு. முப்பத்தொரு வருஷம் பெல்ட்டு எந்தப் பக்கம் தொங்குதுன்னு பார்த்தவன் நான். தெரியாதா?"

"அப்புறம்?"

"அவ பாத்திரம் கழுவற நேரத்துல பின்னறைக்குக் கொண்டுபோய்ப் பிரிச்சுப் பார்த்தேன். அஞ்சே நாள்ல உள்ள தலைகாணி மாதிரி பஞ்சு. துடைச்சு, அவ வெச்சிருந்தபடியே வெச்சேன். அன்னிலேர்ந்து எல்லா ஞாயிறும். ஜனவரியில ஸ்பிரிங் மாத்திடுவேன். அதைத் தபால்ல வரவழைக்கறேன். உன்கிட்ட வாங்கினா நீ கண்டுபிடிச்சுடுவே."

"தெரிஞ்சும் எதுக்கு வாராவாரம் இங்க வந்து என் உயிரை வாங்கினீங்க? எதுக்கு இந்த நோட்டு? என் தோட்டாக் கொட்டகை, என் எண்ணெய், என் சனிக்கிழமை எல்லாம் போச்சே!" எனக்குத் தொண்டை கிழிந்தது. மூன்று வருஷக் கோபம்.

அவர் நோட்டின் கடைசிப் பக்கங்களைத் திருப்பிக் காட்டினார். கரிக்குட்டிக்கு மட்டும் தனிக்கணக்கு. நூற்று முப்பத்தைந்து ஞாயிறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ளே என்ன இருந்தது என்று: நீலப் பஞ்சு, சோப்புத்தூள், சட்டைப் பொத்தான் நூல், மறுபடி நீலப் பஞ்சு.

"டாக்டர் போட்டோ எடுத்துக் காட்டினார் ரீத்தா. இடது பக்கம் முழுக்க அடைச்சுப்போச்சு. வலது பக்கம் கொஞ்சம் இருக்கு." ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டார். "எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்துட்டேன். எல்லாத்துக்கும் வாராவாரம் கவனிக்க ஒரு ஆள் வேணும். நான் தேடறது ஒண்ணே ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை கேட்காத துப்பாக்கி இருக்கா?"

இருந்தால் கொடுத்திருக்க மாட்டேனா? முதல் வாரமே தலையில் கட்டியிருப்பேன். மூக்கறையின் விசையை இழுக்க அவள் கையில் பலம் இல்லை, மற்றதெல்லாம் கவனிப்புக் கேட்கிற ஜாதி. இல்லை என்றேன்.

"அவகிட்டயே சொல்லிடுங்களேன். பத்து நிமிஷ வேலை. அவளே துடைச்சுக்கட்டும்."

"சொன்னா, அவ காத்திருக்காம வாங்கினது எனக்குத் தெரியும்னு ஆயிடும். அப்பனை ஏமாத்திட்டோம்னு நினைச்சு மறுகுவா. எட்டு மாசம் காக்க வெச்சது நான். தப்பு என்னோடது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் காப்பாற்றுகிறேன் என்று நடுவில் என்னைப் போட்டு அரைத்தார்கள். ஒரு வார்த்தையில் முடிகிற விஷயம். கழுதைப் பிடிவாதம் அந்தக் குடும்பத்தில் ரத்தத்திலேயே இருக்கிறது. நான் அதையும் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

கடைசியில் அவர் துப்பாக்கி வாங்கவில்லை. கரிக்குட்டியின் ஸ்பிரிங் பதினெட்டு வரவழைக்கச் சொன்னார். ஸ்பிரிங்கும் கம்பியும் சேர்ந்து ஒரே துண்டாக வரும். ட்வைலாவுக்கு நாற்பத்தேழு வயசு, அறுபத்தைந்து வரை லாண்டரி நடத்துவாள், அதனால் பதினெட்டு. மூன்று வருஷத்தில் அவரிடம் எனக்குக் கிடைத்த ஒரே வியாபாரம் அது. பார்சல் வந்த அன்றைக்கு என் கல்லாவில் உட்கார்ந்து, ஒவ்வொரு கம்பியின் தலையிலும் அடுத்த ஜனவரி, அதற்கடுத்த ஜனவரி என்று மஞ்சளில் வருஷத்தை எழுதினார். ஒன்றை எழுதி முடிக்க இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. காலிக் காபி டின்னில் போட்டு, மேலே நோட்டையும் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"ஜனவரி ஆனா தானா வருவா. ஏதாவது சாக்குச் சொல்லி மாட்டிடு."

"எனக்கு அறுபது வயசு. பதினெட்டு வருஷம் நான் இருப்பேன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீ கோவக்காரி. இருப்பே."

அதற்குப் பிறகும் சில சனிக்கிழமை வந்தார், வெறும் காபிக்கு. கோடையில் வண்டி ஓட்ட முடியாமல் போனது. ஞாயிற்றுக்கிழமை வேலையை மட்டும் விடவில்லை என்று ட்வைலாவின் துப்பாக்கியைப் பார்த்தே எனக்குத் தெரிந்தது. அக்டோபரில் அடக்கம் செய்தோம். அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்குக் கதவைப் பார்த்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

சாவுக்குப் பிறகு ட்வைலா இரண்டு மாசம் பயிற்சிக்கு வரவில்லை. ஜனவரியில் வந்தாள். அப்பாவின் பழைய கோட்டைப் போட்டிருந்தாள்.

"மிஸ் ரீத்தா, இந்த வருஷம் இது விறைக்கவே இல்லை. தளர்ந்து கிடக்கு. ஸ்லைடை இழுத்து விட்டா முழுசா மூட மாட்டேங்குது. மூணரை வருஷம் ஒரு தொந்தரவு கொடுத்ததில்ல. டாடி வீணா தேடிக்கிட்டே இருந்தார், நான் இருபது நிமிஷத்துல எடுத்தது எப்படி உழைக்குது பாருன்னு எத்தனை தடவை மனசுக்குள்ள சொல்லியிருக்கேன். இப்போ போய் இப்படி."

பிரித்தேன். இந்தத் தடவை அவளுக்கு முதுகு காட்டவில்லை. உள்ளிருந்து பஞ்சு பொதியாக வந்து மேஜையில் விழுந்தது. நீலம், வெள்ளை, குளியல் துண்டுகளின் ரோஜா நிறம். மூன்று மாசத்து ஞாயிற்றுக்கிழமைகள்.

"ஐயோ, இவ்வளவா? இதுக்கு முன்னாடி ஒரு நாள்கூட..." என்றவள் ஒரு பொதியை விரலில் எடுத்துப் பார்த்தாள்.

சாக்கு ஒன்று யோசித்துத்தான் வைத்திருந்தேன். எண்ணெய் மாறிவிட்டது, தோட்டா மாறிவிட்டது என்று ஏதோ. என் வாய்க்கு அது வரவில்லை. பழைய ஸ்பிரிங்கை அவள் முன்னால் உருட்டினேன். கம்பித் தலையில் ஜனவரி ஏழு. டின்னைத் திறந்து, இந்த வருஷத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். நோட்டையும் வைத்தேன்.

அவள் பள்ளிக்கூடப் பையிலும் சைக்கிளிலும் அந்த மஞ்சளைப் பார்த்து வளர்ந்தவள். யார் எழுத்து என்று கேட்கவில்லை. நோட்டைப் புரட்டிக்கொண்டே போனாள். நீலப் பஞ்சு, நீலப் பஞ்சு, பொத்தான் நூல்.

"அவருக்குத் தெரியுமா?"

"முதல் ஞாயித்துக்கிழமையே."

"உங்களுக்கு?"

"போன ஜனவரி. ரெண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்க குடும்பத்துல வாயைத் திறந்து பேசவே மாட்டீங்களா?"

அவள் டின்னுக்குள் கைவிட்டு அடுத்த வருஷங்களை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக அடுக்கினாள். பதினெட்டாவதில் எழுத்து கோணியிருந்தது, பெயின்ட் வழிந்திருந்தது. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு கல்லாவில் தலை சாய்த்து அழுதாள். நான் புது ஸ்பிரிங்கை மாட்டிவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் துடைத்தேன்.

"வாராவாரம் துடைக்கணுமா, மிஸ் ரீத்தா?" என்றாள் கடைசியில்.

"வாராவாரம்."

"எனக்குப் பிரிக்கத் தெரியாதே."

மூன்று வருஷமும் மூன்று மாசமும் என் சனிக்கிழமையைத் தின்ற மனுஷன் செத்தும் விடவில்லை.

"ஞாயித்துக்கிழமை கடை லீவு. சர்ச் முடிஞ்சதும் வீட்டுக்கு வா" என்றேன். "பீன்ஸ் நீ சமைச்சு எடுத்துட்டு வா. சோளரொட்டி நான் போடறேன்."